அண்டை ஆலைகளின் கொடுக்கல் வாங்கல்

வெட்டிய கரும்பின் எடையில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு நீர். ஆலையின் மறுமுனையில் சர்க்கரையாக வெளிவருவது பத்தில் ஒரு பங்கு அளவே. தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தின் கோபாலபுரத்திலும் அமைந்த இரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். நூறு டன் கரும்பை அரைத்தால் பாதிக்குப் பாதி ஈரமுள்ள சக்கை 28 முதல் 30 டன் வரையிலும், சாற்றைத் தெளியவைத்து வடிகட்டும்போது தங்கும் பிரஸ்மட் என்ற கரிய சேறு 3 முதல் 4 டன் வரையிலும், படிகமாக மறுத்து எஞ்சும் கழிவுப்பாகு 4 டன்னுக்குச் சற்று மேலாகவும் கிடைக்கின்றன. ஆகவே எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் சர்க்கரை ஆலை முதன்மையாகச் சக்கை உற்பத்தி செய்யும் இடமாகும். சர்க்கரை அதன் சிறிய பகுதி. இந்த மிச்சங்களுக்கு அருகிலேயே கொள்வார் இருக்கிறார்களா, இருந்தால் என்ன விலையில், எந்த மாதத்தில், எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்ற கேள்விகளே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஓர் ஆலையில் எஞ்சும் பொருளையோ வெப்பத்தையோ நீரையோ அண்டையிலுள்ள வேறோர் ஆலை தன் மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொழில்துறைக் கூட்டுவாழ்வு என அறிவியலாளர் குறிப்பிடுகின்றனர். உயிரியலில் இரு வேறு உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைக் குறிக்கும் கருத்தே இங்கு ஆலைகளுக்கு விரித்துரைக்கப்பட்டிருக்கிறது. 1989-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ராபர்ட் ஃப்ராஷ், நிக்கோலஸ் கலோபொலஸ் இருவரும் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரை, ஒரு தொழிலின் கழிவு இன்னொரு தொழிலின் உணவாகும் வகையில் உற்பத்தியை அமைக்க இயலும் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது. இதற்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் சொல்லப்படுவது டென்மார்க்கின் காலுண்ட்போர்க் என்ற சிறு துறைமுக நகரம். அங்கு அனல்மின் நிலையத்தின் நீராவி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் ஊரின் வீடுகளைச் சூடேற்றவும் செல்கிறது. அந்நிலையம் நிலக்கரியை எரித்த காலத்தில், புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போது உண்டான ஜிப்சம் அருகிலுள்ள சுவர்ப்பலகை ஆலைக்குச் சென்றது. நிலத்தடி நீரைக் காப்பதற்காக அருகிலுள்ள ஏரியிலிருந்து ஆலைக்கு நீர் கொண்டுவர 1961-இல் போடப்பட்ட குழாயில் தொடங்கி, ஒவ்வோர் இணைப்பும் தனித்தனி வணிக ஒப்பந்தமாகவே வளர்ந்தது என்பதும், எவரும் முன்கூட்டித் திட்டமிட்டு அந்த வலையைப் பின்னவில்லை என்பதும் கவனிக்கத் தக்கவை. நீர்ப் பற்றாக்குறையே அதற்கு முதல் தூண்டுதலாக இருந்தது என்ற செய்தி, தருமபுரியை மனத்தில் வைத்துப் படிப்பவருக்குக் கூடுதல் பொருள் தரும்.

காலுண்ட்போர்க்குக்குப் போகாமலேயே இந்தப் பழக்கத்தைத் தமிழ்நாட்டில் காணலாம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சாறு பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, அதே சாற்றைக் கொதிக்கவைக்கும் அடுப்புக்கு எரிபொருளாக இடுவது பாலக்கோடு, பாப்பாரப்பட்டிப் பக்கத்து உழவர்களுக்குப் புதிய செய்தி அன்று. சர்க்கரை ஆலையும் அதையே பெரிய அளவில் செய்கிறது: சக்கை கொதிகலனில் எரிந்து நீராவியாகி, அந்நீராவி முதலில் விசைச்சுழலியைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, அழுத்தம் குறைந்த பின் சாற்றைச் சுண்டவைக்கும் கலன்களுக்குச் செல்கிறது. ஒரே நீராவியிலிருந்து மின்சாரமும் வெப்பமும் பெறும் இம்முறைக்கு இணைமின் உற்பத்தி என்று பெயர். இதுவரை நடப்பது ஓர் ஆலையின் சுவருக்குள் நிகழும் மறுபயன்பாடே. சக்கைக்கு வெளியிலிருந்து வேறொருவர் விலை கேட்கும்போதுதான் கூட்டுவாழ்வின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

அந்த வேறொருவர் காகித ஆலை. சக்கையிலுள்ள நார் மரக்கூழுக்கு மாற்றாகும் தரமுடையது; ஆனால் சக்கையைக் காகித ஆலைக்குக் கொடுத்துவிட்ட சர்க்கரை ஆலை எதை எரித்து நீராவி உண்டாக்கும்? இக்கேள்விக்கு விடை கண்ட பிறகே தமிழ்நாட்டில் சக்கைக் காகிதம் பெருமளவில் சாத்தியமாயிற்று. 1979-இல் நிறுவப்பட்டு, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகளில் நிலக்கரியால் இயங்கும் கொதிகலன்களை அமைத்துக் கொடுத்து, அவற்றுக்கு எரிபொருளும் வழங்கி, எரிக்கப்படாமல் மிஞ்சும் சக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. சக்கையின் மதிப்பை ரூபாயில் பேரம் பேசுவதைக் காட்டிலும், அது தரக்கூடிய வெப்பத்துக்கு ஈடான வெப்பத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்பந்தம் அமைந்தது என்பதே இதன் நுட்பம். ஒரு தரப்புக்கு வெப்பம் தேவை, மற்றத் தரப்புக்கு நார் தேவை. இரண்டும் ஒரே பொருளுக்குள் இருந்ததால் அவற்றைப் பிரித்து எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. நிலக்கரி எரிப்பதால் உண்டாகும் புகையையும் சாம்பலையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட முடியாது என்றாலும், அன்று அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் மரக்கூழுக்காகக் காடுகளின் மேல் விழுந்திருக்கும் சுமை கூடியிருக்கும்.

ஒகேனக்கல்லில் இறங்கி மேட்டூரைக் கடந்து வரும் காவிரியின் கரையில், நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில், இதைவிட நெருக்கமான இணைப்பு ஒன்று உண்டு. 1960-இல் தொடங்கப்பட்ட சேஷசாயி காகித ஆலை, தன் மூலப்பொருளை உறுதிப்படுத்திக்கொள்ளும் நோக்கில் அருகிலுள்ள ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலை உருவாகக் காரணமாயிற்று. அந்தச் சர்க்கரை ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சக்கை காகித ஆலைக்குச் செல்கிறது. காகித ஆலையில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் சுற்றுப்புறக் கரும்பு வயல்களுக்குப் பாய்கிறது. அந்தக் கரும்பு மீண்டும் சர்க்கரை ஆலைக்கே வருகிறது. சூரன் எர்க்மன், ரமேஷ் ராமசாமி ஆகிய ஆய்வாளர்கள் வளரும் நாடுகளின் தொழில்துறைச் சூழலியலைப் பற்றி எழுதியபோது இந்த இணைப்பையும் எடுத்து ஆராய்ந்தனர். கழிவுநீரைக் கொள்வதற்கு ஓர் ஆலையே வேண்டும் என்பதில்லை, ஒரு பயிரும் அதைச் செய்யலாம் என்பதை இது காட்டுகிறது. காகிதபுரத்திலும் இதே வழி பின்பற்றப்பட்டது: ஆலையின் சுத்திகரிக்கப்பட்ட நீரை ஏற்றிப் பாய்ச்சுவதற்கென உழவர்களின் நீரேற்றுப் பாசனச் சங்கம் 1990-களின் நடுவில் அமைந்து, ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அந்நீரைப் பெறத் தொடங்கியது. அதே ஆலை பின்னர்ச் சக்கையைக் கழுவிய நீரிலிருந்து எரிவாயு எடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்குப் பயன்படுத்தியதும், கொதிகலன் சாம்பலையும் சுண்ணாம்புச் சேற்றையும் சேர்த்துச் சிமென்ட் செய்யும் ஆலையைத் தன் வளாகத்திலேயே கட்டியதும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சிகள்.

இத்தகைய நீர்ப் பாய்ச்சலை வரவேற்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. காகித ஆலை நீரில் கரைந்துள்ள உப்புகள் சுத்திகரிப்பில் முழுமையாக நீங்குவதில்லை. அவை ஆண்டுக்கணக்கில் மண்ணிலும் கிணற்றிலும் சேரும். பூமிக்கடியில் கடினப் பாறை, அதன் பிளவுகளில் மட்டும் நீர், அந்நீரிலும் இயற்கையாகவே மிகுந்த ஃப்ளூரைடு என்ற நிலையிலுள்ள தருமபுரியில் நிலத்தடி நீரைப் பாழாக்கக்கூடிய எந்தப் பகிர்வும் பகிர்வாகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட வேண்டி வந்ததே ஃப்ளூரைடு நோயால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட மக்களுக்காகத்தான்.

தருமபுரியின் இன்னொரு தொழிலில் நீரே முதன்மைச் சிக்கல். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சி தொடங்கியது. அது படிப்படியாகத் தருமபுரி, நாமக்கல் பகுதிகளுக்கும் பரவியது. 1981-இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் சேலத்தில் உருவானது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் மரவள்ளி பரவலாகப் பயிராகிறது. ஆலைக்கு வரும் கிழங்கு தோலுரித்து, கழுவி, அரவைக்குப் போகிறது. அரைத்த கூழைச் சல்லடையில் நீர்விட்டுச் சலிக்கும்போது மாவுப்பால் கீழிறங்கி, நாரும் எஞ்சிய மாவும் கலந்த திப்பி மேலே தங்குகிறது. மாவுப்பால் தொட்டியில் பல மணி நேரம் படிந்த பின் மேலே நிற்கும் நீரை வடித்து, அடியில் இறுகிய மாவைக் குருணையாக்கி, வறுத்து, களத்தில் உலர்த்துகின்றனர்.

திப்பிக்கு அண்டை கிடைப்பது கடினமில்லை. உலர்த்திய திப்பி கால்நடைத் தீவனத்தில் சேர்கிறது. வடித்து வெளியேறும் நீரோ வேறு வகை. அது அமிலத் தன்மை உடையது. கரைந்த மாவும் சர்க்கரையும் மிகுந்தது. கிழங்கில் இயற்கையாக உள்ள லினமரின் என்ற சேர்மம் சிதைவதால் உண்டாகும் சயனைடும் அதில் உண்டு. கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்ற அளவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பர். பாசனத்துக்காக நிலத்தில் விடும் நீரில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. ஜவ்வரிசி ஆலையின் வடிநீரில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்படியே ஓடையில் விட்டால் நீரிலுள்ள உயிர்வளி முழுவதும் தீர்ந்து, மீன்கள் மடிந்து, அழுகிய வாடை ஊரைச் சூழும்.

ஆனால் ஓடையை அழிக்கும் அதே பண்பு, காற்றுப் புகாத தொட்டியில் வரமாகிறது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் கரைந்த மாவைப் படிப்படியாகச் சிதைத்து, பெரும்பகுதி மீத்தேன் அடங்கிய வாயுவை வெளியிடுகின்றன. சேலம் பகுதியின் ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றில் நிறுவப்பட்ட தொட்டிகளில் கழிவுநீர் அடியிலிருந்து மேல்நோக்கிச் செல்ல, அடர்ந்த நுண்ணுயிர்ச் சேற்றுப் படுகை அதை வழியிலேயே தின்று தீர்க்கிறது. கிடைக்கும் வாயு ஆலைக்கு வெப்பமாகவோ மின்சாரமாகவோ திரும்புகிறது. விறகுச் செலவு குறைவதோடு வெளியேறும் நீரின் கேடும் பெருமளவு தணிகிறது. சிறிய ஆலையொன்று தனியாக இத்தகைய தொட்டியைக் கட்டிப் பேணுவது கடினம். அடுத்தடுத்த நான்கைந்து ஆலைகள் ஒரே தொட்டிக்கு நீரனுப்பி வாயுவைப் பங்கிட்டுக்கொண்டால் செலவு தாங்கும் அளவுக்கு வரும். ஜவ்வரிசியை விற்பதிலும் மாவை விற்பதிலும் கூட்டுறவை அறிந்த தொழில், கழிவைக் கையாள்வதிலும் அதே கூட்டுறவை நீட்டிக்க முடியும் என்று நம்புவதற்கு அடிப்படை இருக்கிறது.

பருவம் என்பது இந்தக் கொடுக்கல் வாங்கலில் மறைந்திருக்கும் தடை. கரும்பு அரவை பெரும்பாலும் குளிர்காலத்தில் தொடங்கிக் கோடையின் முற்பகுதி வரை நடக்கிறது. மரவள்ளி அறுவடையின் பெரும்பகுதியும் அதையொட்டியே வருகிறது. ஆகவே மாவட்டத்தில் சக்கையும் வாயுவும் ஒரே மாதங்களில் குவிந்து, மற்ற மாதங்களில் இல்லாமற்போகின்றன. 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தருமபுரியின் சில பகுதிகளிலும் உள்ள மாம்பழக்கூழ் ஆலைகளோ, கரும்பு ஓயும் வேளையில், ஏப்ரல் இறுதி முதல் ஜூலை வரை கொதிகலனைச் சூடாக வைத்திருக்க வேண்டியவை. பதப்படுத்திச் சேமித்த சக்கை அந்த இடைவெளியை நிரப்பக்கூடும் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். ஈரச் சக்கை அடைத்துவைத்தால் புளித்துச் சூடேறித் தீப்பற்றும் என்பதால், அதை உலர்த்திக் கட்டிகளாக அழுத்தும் நடுநிலைத் தொழில் ஒன்று இதற்கு வேண்டும். அப்படி இணைப்பவர் இல்லாத இடத்தில் இரண்டு ஆலைகளின் தேவைகள் பொருந்தியிருந்தும் அவை சந்திப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் கரும்பு வரத்தே குறைந்து அரவை சுருங்கும்போது, சக்கையை நம்பிய அடுத்த ஆலையும் தத்தளிக்கும்; எனவே ஒரே மூலத்தை மட்டும் நம்பி இணைப்பு அமைப்பது வறண்ட மாவட்டத்துக்கு உகந்ததன்று.

தொலைவு இன்னொரு தடை. சக்கை எடை குறைந்து இடம் அதிகம் பிடிப்பது. நீராவி ஓரிரு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்தால் ஆறிப்போகும். உலர்ந்த சாம்பல் ஓரளவு தொலைவு தாங்கும். அரசே இதை உணர்ந்து 1999-இல் வெளியிட்ட அறிவிக்கையில், அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் செங்கல் செய்வோர் பறக்கும் சாம்பலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. அந்தச் சுற்றளவு பின்னர் விரிந்துகொண்டே போயிற்று. தருமபுரியின் எல்லைக்கு அப்பால் உள்ள மேட்டூரில் 840 மெகாவாட் நிலையமும் அதை ஒட்டிய 600 மெகாவாட் அலகும் எரிக்கும் நிலக்கரியின் சாம்பல் சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் போவது இவ்வகைச் சட்டத்தின் துணையால்தான். அதே மேட்டூரில், 1960-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுத்த ஆலை விட்டுச் சென்ற செஞ்சேறு இன்றும் கிடக்கிறது. காரத் தன்மை மிகுந்த அந்தச் சேற்றை விரும்பிக் கொள்ளும் அண்டை ஆலை எங்குமே எளிதில் கிடைப்பதில்லை. எல்லா மிச்சத்துக்கும் ஒரு துணை உண்டு என்று சொல்லும் நூல்கள் இந்த மேட்டைப் பார்க்காமல் எழுதப்பட்டவை.

இந்தியச் சூழலில் கூட்டுவாழ்வு எவ்வளவு ஆழமாக ஏற்கெனவே இருக்கிறது என்பதை மைசூரை அடுத்த நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் நடந்த ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் மரியன் செர்டோவும் உடனாய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, அங்குள்ள ஆலைகளில் எஞ்சிய பொருள்களின் எடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மீண்டும் பயன்பட்டது; அதில் பெரும்பகுதி ஆலைக்குள்ளேயே பயன்பட்டது. இந்த எண்ணைப் படித்து மகிழும்போது, எஞ்சிய அற்ப விழுக்காட்டில்தான் நச்சு மிகுந்தவை அடங்கியிருக்கக்கூடும் என்பதையும், பழைய பொருள் வியாபாரிகளின் கைகளைத் தாண்டிச் செல்லும் பகிர்வில் கையாளும் தொழிலாளியின் நலம் பதிவாகாமல் போகும் என்பதையும் மறக்கலாகாது. 2016-இன் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள், ஓர் ஆலையின் அபாயகரக் கழிவை மற்றோர் ஆலை மூலப்பொருளாகப் பயன்படுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இது இணைப்பைத் தாமதப்படுத்தும் என்று ஆலைகள் முறையிடுவதுண்டு. ஆனாலும் எவர் கைக்கு எது போகிறது என்ற பதிவு ஊராருக்குக் காப்பாக இருப்பதால் அந்தத் தாமதம் நியாயமானதே.

நல்லம்பள்ளி வட்டத்தில், அதியமான்கோட்டை, தடங்கம் போன்ற ஊர்களை உள்ளடக்கி, ஏறத்தாழ 1,700 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா அமைக்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. மனை ஒதுக்கீடு முடிந்து ஆலைகள் எழுந்த பின் நீரையும் வெப்பத்தையும் இணைக்க முயல்வது பன்மடங்கு செலவு பிடிக்கும் வேலை. குழாய் செல்லும் பள்ளத்துக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குவது செலவு குறைவானது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு படிப்பினைகள் உண்டு. சாயக்கழிவு நொய்யலைப் பாழாக்கியதால் 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் மூடப்பட்ட திருப்பூர்ச் சாய ஆலைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரையும் சாயத்துக்குத் தேவையான உப்பையும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே படிப்படியாக மீண்டன. சென்னையில், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே நகரின் சுத்திகரிக்கப்பட்ட சாக்கடை நீரை வாங்கி வந்தன; 2019-இல் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரை மேலும் தூய்மையாக்கும் நிலையம் தொடங்கப்பட்டு, அந்நீர் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் செல்கிறது.

தருமபுரி நகரின் சாக்கடை நீரும் நல்லம்பள்ளிப் பூங்காவும் அவ்வளவு தொலைவில் இல்லை. ஒகேனக்கல் குடிநீர் வீட்டுக்கு வந்து பயன்பட்டுச் சாக்கடையாக வெளியேறும்போதே அதைத் தொழிலுக்கான நீராகக் கருதி, ஆலைகளின் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் கொதிகலன்களுக்கும் ஏற்ற தரத்தில் சுத்திகரித்து அனுப்பினால், அந்தப் பூங்காவுக்காகப் புதிய ஆழ்துளைக் கிணறு தோண்டும் தேவை பெருமளவு குறையும். முதலில் நீர் எவ்வளவு வரும் என்று அளந்து, பிறகு அந்த அளவுக்குள் இயங்கக்கூடிய ஆலைகளுக்கு மனை ஒதுக்குவது, இத்தனை நாள் நடந்துவந்த முறைக்கு நேர் எதிரான வரிசை. நீராவி மிகுதியாக வெளியேற்றும் ஆலைக்கு அருகே நீராவி தேவைப்படும் உணவுப் பதன ஆலையை வைப்பதும், உப்பு மிகுந்த நீர் விடும் ஆலையைப் பாசன வயல்களிலிருந்து விலக்கி வைப்பதும் அந்த ஒதுக்கீட்டுப் பட்டியலிலேயே முடிவாக வேண்டியவை. சக்கைக்கும் நாருக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஈட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த மாநிலத்துக்கு இதுவும் எழுதக்கூடிய கணக்குதான். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மேசையில் மாவட்டத்தின் நீர்வளப் பொறியாளரும் பாசன உழவரும் அமர்ந்திருக்க வேண்டும்.